குணாவின் அபிராமி நோயாளியா?

2024 பிப்ரவரியில் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' வெளிவந்தபோது மட்டாஞ்சேரியிலிருந்து எறணாகுளம் போய்க் குடும்பத்தோடு பார்த்தோம். மஞ்ஞும்மல் நமக்குப் பக்கத்து ஊர். 2006-இல் அவ்வூர் இளைஞர் ஒருவர் தவறி விழுந்ததோ நம் கொடைக்கானல் குணா குகையில். இளையராஜாவின் அந்தக் கடிதப் பாட்டு எழுந்ததும் மலையாளிகளும் நாமும் சேர்ந்தே கைதட்டினோம். அந்தச் சூட்டோடு, 1991 தீபாவளிக்கு வந்த 'குணா'வைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினேன். வினை அங்கேதான் தொடங்கியது.

மனவியல் படிக்கும் என் மகள் பாதியில் எழுந்துவிட்டாள். "இது காதல் இல்லப்பா. அந்தப் பொண்ணுக்கு ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம். கடத்திட்டுப் போனவன் மேலேயே பாசம் வர்ற வியாதி."

வியாதியா? இந்த மலருக்குக் கட்டுரை கேட்டபோது எனக்கு இதுவே பொருளாக அமைந்தது.

பெயர் பிறந்த கதையை முதலில் பார்ப்போம். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கி ஒன்றில் நான்கு ஊழியர்கள் ஆறு நாள் பிணைக்கைதிகளாய் இருந்தார்கள். அவர்களில் ஒருவரான கிறிஸ்டின் என்மார்க், பிரதமர் ஓலோஃப் பால்மேயிடமே தொலைபேசியில் பேசி, கொள்ளையரைவிடப் போலீஸைக் கண்டுதான் பயமாயிருக்கிறது என்றார். போலீசுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பெயரோட் இதற்கு ஒரு நோய்ப்பெயர் சூட்டினார். தன்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே சூட்டினார் என்பது என்மார்க்கின் பிற்காலக் குற்றச்சாட்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்ப்பட்டியலில் இப்பெயர் இன்றுவரை ஏறவில்லை.

இனி 'குணா'. கதை எழுதிய சாப் ஜானும் ஒளிப்பதிவாளர் வேணுவும் மலையாளிகள். ஆகவே படம் பாதி நம் அடுத்த வீட்டுச் சரக்கு. இதில் மருத்துவமனைச் சீட்டோடு வருகிற நோயாளி ஒருவன் இருக்கிறான். கடத்துகிறவன் அவன்தான். கமல்ஹாசனின் குணாவை மன்னித்து, பரிதாபப்பட்டு, கடைசியில் கண்ணீரும் விடுகிறோம். கடத்தப்பட்டவளைப் பார்த்துத்தான் 'இவளுக்குப் புத்தி பிசகிவிட்டதோ' என்று கேட்கிறோம். வேடிக்கை அல்லவா?

ரோகிணி என்ற பெண்ணைத் தூக்கிப்போய் அபிராமி என்று பெயரை மாற்றுகிறான். முதலில் தப்பிக்கப் பார்க்கிறாள். பிறகு மெல்ல மெல்ல அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கத் தொடங்குகிறாள். இதற்கு வசியம் வேண்டியதில்லை. வெளியே அவள் சொத்தைக் குறிவைத்துக் காத்திருக்கிறான் காப்பாளன். உள்ளே இருப்பவன் பைத்தியக்காரன், ஆனால் அவளிடம் காசு கேட்கவில்லை. எந்தப் பக்கம் உயிர் மிஞ்சும் என்று அவள் போடும் கணக்கு என்மார்க் போட்ட அதே கணக்கு. இதில் நோய் எங்கே வந்தது?

படத்தின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அந்தக் கணக்கை அவள் தன் வாயால் சொல்ல இயக்குநர் சந்தானபாரதி விடவே இல்லை. கடிதக் காட்சியைக் கவனியுங்கள். அவன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். கையெழுத்து அவளுடையது, கடிதம் அவனுடையது. அதுவும் அவளுக்கே எழுதிய கடிதம்! முப்பது வருஷமாக நாம் ரசிக்கும் இக்காட்சியில், அவள் என்ன எழுத நினைத்தாள் என்று நான் ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

ஆண்களானால் இந்தக் கேள்வி எழுகிறதா? 1997-இல் வீரப்பன் கடத்திய கிருபாகர், சேனானி என்ற வனவிலங்குப் புகைப்படக்காரர்கள் 14 நாள் காட்டில் இருந்தார்கள். அந்த அனுபவத்தைக் கன்னடத்தில் எழுதினார்கள். 2011-இல் ஆங்கிலத்திலும் வந்தது. கடத்தியவர்களையும் மனிதர்களாகவே பார்த்து, நகைச்சுவையோடு எழுதிய புத்தகம். அவர்களுக்கு வியாதி என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நல்ல எழுத்து என்றுதான் சொன்னார்கள்.

சொந்தக் கதை ஒன்று. என் பெரியம்மாவை, அம்மாவின் மூத்த அக்காவை, பதினாறு வயதில் ஒருவர் கிணற்றடியிலிருந்து தூக்கிப்போய்த் தாலி கட்டினார். தாத்தா ஆள் அனுப்பியபோது பெரியம்மா வரமாட்டேன் என்றுவிட்டார். "மருந்து வச்சுட்டான்" என்றார்கள் வீட்டில். ஸ்டாக்ஹோமுக்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது! அதன்பின் பெரியம்மா சொன்ன எதையும் யாரும் காதில் வாங்கவில்லை. மருந்து பேசுகிறது என்று தள்ளிவிட்டார்கள். கணவர் இறந்த வருஷம் என்னிடம் சொன்னார்: "எனக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சுடா தம்பி. அந்த ஆளு செஞ்சதையும் மறக்கல, காய்ச்சல்ல கெடந்தப்ப கஞ்சி ஊத்துனதையும் மறக்கல. திரும்பி வந்திருந்தா உங்க தாத்தா என்னை உசிரோட விட்டிருப்பாரா?"

மகளிடம் இதைச் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள்.

"சரிப்பா, பெரியபாட்டிக்கு வியாதி இல்ல, ஒத்துக்கறேன். தூக்கிட்டுப் போன ஆள் மேல கேஸ் போட்டாங்களா?"

போடவில்லை.