ஹம் கேட்கும் காது

ஹம்மில் ரகம் உண்டு. டிவியில் வரும் கச்சேரியை வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிவு செய்யும்போது பாட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வரும் முனகலை இரைச்சல் என்று சொல்லி நாம் நகர்ந்துவிடுவோம். நல்ல மெக்கானிக் அப்படி விடமாட்டார். உருண்டையாக, அடித்தொண்டையில் நின்றால் 50 ஹெர்ட்ஸ் என்பார். பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தையோ எர்த் வளையத்தையோ சந்தேகிப்பார். ஒரு ஸ்தாயி மேலே, 100 ஹெர்ட்ஸில் நின்றால் பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது என்று பாதித் தீர்ப்பு எழுதிவிடுவார். மாறுமின்னோட்டத்தின் இரு பாதிகளையும் ரெக்டிஃபயர் ஒரே பக்கமாக மடக்குவதால் வினாடிக்கு ஐம்பது என்பது நூறாகிறது. அதை நிரவ வேண்டிய கெப்பாசிட்டர் சோர்ந்துவிட்டால் அந்த நூறு வெளியே கேட்கும். ஓரம் கூராக ‘ஜ்ஜ்’ என்று அரித்தால் அது வேறு குடும்பம். ஃபேன் ரெகுலேட்டர், விளக்கு டிம்மர் என்று தேட ஆரம்பிப்பார்.

இவற்றில் எனக்குப் பிரியமானது பழைய அனலாக் ஒளிபரப்பின் ‘ஜ்ஜ்’. திரையில் பளீரென்று வெள்ளை எழுத்து வரும், உடனே சத்தம் கூடும். எழுத்து மறையும், சத்தமும் அடங்கும். படமும் ஒலியும் 5.5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரே ரிசீவர் வழியாக வந்த காலம் அது. வெள்ளை அளவுக்கு மிஞ்சினால் படத்தின் அலை மெலிந்துபோய், ஒலியைப் பிரித்தெடுக்கும் இடத்தில், வினாடிக்கு 50 தடவை புதுப்பிக்கப்படும் படத்தின் துடிப்பு காதில் விழும். ராகத்தின் பெயரைத் திரையில் போட்டார்கள் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம்.

வீடுகளில் அதிகம் படுத்துவது எர்த் வளையம்தான். கம்ப்யூட்டரின் மூன்று பின் ப்ளக் வீட்டு எர்த்தைத் தொடுகிறது. செட்டாப் பாக்ஸுக்கு இரண்டு பின்தான். ஆனால் அதன் முதுகில் திருகியிருக்கும் கேபிள் ஒயரின் மேலுறை வலை, தெருவில் எங்கோ தொங்கும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி வரை போய் அங்கே வேறொரு எர்த்தைத் தொடுகிறது. இரண்டு ஏரிகளின் நீர்மட்டம் ஒன்றாக இருக்காது. நடுவே வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் ஓடத்தான் செய்யும். சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ ஒயரை மாட்டும்போது அந்த வாய்க்காலை நாமே வெட்டிவிடுகிறோம். அந்த ஒயரில் மேலுறைதான் காப்பு, ஒலி திரும்பிப் போகும் வழியும் அதுவேதான். ஆகவே அதில் ஓடும் மின்சாரம் ஒலியோடு கலந்துவிடுகிறது. வீட்டுக் கருவிகளின் லைன் சிக்னல் ஒரு வோல்ட்டில் சுமார் மூன்றில் ஒரு பங்கு. அதன் மேல் சில மில்லிவோல்ட் ஹம் ஏறினாலே போதும், ஆலாபனை இழையும் இடங்களில் முகம் காட்டிவிடும்.

தேர்ந்த கை இதைக் கண்டுபிடிக்கும் விதம் பார்க்கவே அழகாக இருக்கும். ஒன்றும் வாங்குவதில்லை, ஒவ்வொன்றாகக் கழற்றுவதோடு சரி. கேபிள் ஒயரை மட்டும் கழற்றுகிறார். ஹம் சட்டென்று நின்றால் குற்றவாளி தெருவில் இருக்கிறான். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட விடுகிறார். டிவி, செட்டாப் பாக்ஸ், கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு மாற்றிப் பார்க்கிறார். சில வீடுகளில் அதிலேயே பாதி அடங்கிவிடும். ரோஸ் நிற மைக் ஜாக்கில் மாட்டியிருந்தால் பிடுங்கி, வெளிர்நீல லைன் இன்னில் செருகுகிறார். மைக் வழி எதையும் பல மடங்கு பெருக்கும், ஹம்மையும்தான்.

கம்ப்யூட்டர் ப்ளக்கின் எர்த் பின்னை ஒடித்துவிட்டு, ஹம் போச்சு பார் என்று காட்டுகிறவர்களும் உண்டு. போகும், வாஸ்தவம். உள்ளே ஒரு ஒயர் நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால் 230 வோல்ட் கைக்கு வருவதற்கும் அதுதான் வழி. அதை வைத்தியம் என்று நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஒழுங்கான வைத்தியம் வாய்க்காலை அடைப்பது. ஆனால் பாட்டு மட்டும் கடந்து போக வேண்டும். அதைச் செய்கிற பொருள் கைக்குள் அடங்கும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர். சம சுற்றுகள் கொண்ட இரண்டு கம்பிச் சுருள்கள், ஒன்றை ஒன்று தொடாமல். ஒலி காந்தமாகி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாவும். மேலுறை மின்சாரத்துக்குப் பாதை அறுந்துவிடும். சென்னை ரிச்சி தெருவில் இது கிடைக்கும், மலிவானதும் உண்டு. மலிவில் இரும்பு குறைவு. தாழ்ந்த ஒலி பலமாக வந்தால் இரும்பு தாங்காமல் உருவத்தைக் கெடுக்கும். வாங்கியதும் மிருதங்கத்தின் தொப்பியைக் கேளுங்கள்: கும்கி கொழகொழத்தால் அந்தச் சரக்கு வேண்டாம். தொந்தரவு கேபிள் வழியாகத்தான் வருகிறது என்று உறுதியானால் அந்த ஒயரிலேயே போடும் ஐசொலேட்டர் இன்னும் சுத்தம், ஒலியை அது தொடவே தொடாது. இரு பக்கமும் ஆப்டிகல் வாய் இருந்தால் இந்தக் கதையே இல்லை. அந்த இழையில் செல்வது ஒளி, செம்பு கிடையாது.

பதிவு செய்தபின் சாஃப்ட்வேரில் கழுவிக்கொள்ளலாம் என்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் தம்புராவில் மந்தர ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸ். ஹம்மின் இரண்டாம் படி 100. இரண்டும் மோதி வினாடிக்கு இரண்டு தடவை அலையும்; சுருதி சேரவில்லையோ என்று தோன்றும். 100-ஐ வெட்டுகிறேன் என்று ஆடாசிட்டியில் அகலமாக நாட்ச் ஃபில்டர் போட்டால் மந்தர ஷட்ஜமும் சேர்ந்து போகும். தம்புரா இருக்கும், அதன் அடித்தளம் இருக்காது. குறுகலாகப் போடலாம், ஆனால் மின்சாரமும் 50-இலேயே நிற்பதில்லை. கொஞ்சம் ஏறும், இறங்கும். பழைய நாடாக்களுக்கு வேறு கதி இல்லை என்பதால் ஃபில்டரைப் பொறுத்துக்கொள்கிறேன். நேரடிப் பதிவில் அதைத் தொடுவது சோம்பல்.

இந்த ஏற்ற இறக்கத்திலும் ஒரு சுவாரசியம் உண்டு. ஒரே மின்தொகுப்பில் உள்ள ஊர்களுக்கெல்லாம் அது ஒன்றுதான். தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று மற்றவற்றோடு இணைந்ததிலிருந்து நாகர்கோவில் வீட்டு ஹம்மும் டெல்லி வீட்டு ஹம்மும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. வெளிநாட்டுத் தடயவியல் நிபுணர்கள் ஒலிப்பதிவில் ஒளிந்திருக்கும் இந்த அசைவை மின்தொகுப்பின் பதிவேட்டோடு ஒப்பிட்டு, எந்த நேரத்தில் பதிவானது என்றே கண்டுபிடிக்கிறார்கள்.

பழைய கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றுகிறவர்களும் ஹம்மை அளவுகோலாக்குவதுண்டு. நாடாவில் பதிந்த ஹம் 51 காட்டினால் நாடா வேகமாக ஓடுகிறது, 50-க்கு இழுத்துவிட்டால் சுருதி சரி என்பது கணக்கு. நம்மூரில் இது காலை வாரும். 1990-களில் பற்றாக்குறை நேரங்களில் தென்னக மின்சாரம் 49-க்கும் கீழே இறங்குவது சகஜம். சரியான வேகத்தில் ஓடும் நாடாவில் 49 தெரிய, அதை 50-க்குத் தூக்கினால் பாட்டு அரைக் கட்டையில் மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். அந்தக் காலத்துக் கேசட்டுக்கு ஹம்மை நம்பாமல், பாடகர் எத்தனை கட்டையில் பாடுபவர் என்று தெரிந்த ரசிகர் ஒருவரைக் கூட உட்கார வைத்துக்கொள்வது நல்லது.