'கம்பெரலிய'வில் குடும்பமும் மனித இயல்பும்

நாவலுக்கும் சமுதாய மாற்றத்துக்கும் இடையேயுள்ள தொடர்பு இன்று புதிதாக நிறுவப்படவேண்டியதொன்றன்று. கலாநிதி க. கைலாசபதியின் 'தமிழ் நாவல் இலக்கியம்' 1968 இல் வெளிவந்ததன் பின்னர், ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் அஃது ஏறத்தாழ அடிப்படைக் கோட்பாடாகவே நிலைபெற்றுவிட்டது. அதனால் விளைந்த நன்மைகள் பல. கதைச் சுருக்கமும் இரசனைக் குறிப்பும் விமர்சனமெனக் கொள்ளப்பட்ட நிலை மாறிற்று. எனினும், ஒரு பாத்திரம் எவ்வர்க்கத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறது என்று கூறியதும் விமர்சகனின் பணி நிறைவெய்திவிட்டதாகக் கருதும் ஒரு சோம்பலும் இதனுடன் சேர்ந்தே வளர்ந்தது. வர்க்கத்தின் பெயரைச் சொல்லிவிடலாம். அவ்வர்க்கம் ஒரு தாயின் அன்பினுள்ளும் ஒரு மகளின் நாணத்தினுள்ளும் எவ்வாறு குடிகொள்கின்றது என்பதைக் காட்டுவதே கடினம். நாவலாசிரியன் அதனைக் காட்டியிருக்குமிடத்து விமர்சகன் காணாது செல்வது பெருங்குறையாகும்.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய' இக்குறைக்கு அடிக்கடி ஆளான நாவல். 1944 இல் வெளிவந்த இந்நூலும், 1949 இல் வெளிவந்த 'யுகாந்தய', 1957 இல் வெளிவந்த 'கலியுகய' ஆகியனவும் ஒரே குடும்பத்தின் வழித்தோன்றல்களைத் தொடர்ந்து செல்லும் முந்நூல் தொகுதியாகும். கதைக் காலத்தில் இடையில் நிற்கும் 'கலியுகய' எழுதப்பட்ட காலத்தில் இறுதியானது. தென்னிலங்கைக் கிராமமொன்றின் பழைய பெருங்குடும்பம் நலிவதும், கொழும்பை மையமாகக் கொண்ட வணிகச் செல்வம் தலையெடுப்பதும், அச்செல்வத்தினுள்ளேயே அதற்கெதிரான குரல் தோன்றுவதும் மூன்று நூல்களிலும் விரிகின்றன. ஆசிரியர் பிறந்த கொக்கலைக் கிராமத்து மக்கள் இரண்டாம் உலகப் போரின்போது விமானத் தளத்தின் பொருட்டு அங்கிருந்து வெளியேற்றப்பட்டனர் என்பது நினைவுகொள்ளத்தக்கது. கிராமத்தின் மாற்றத்தைப் பேசும் நாவல் வெளிவந்த வேளையில் அந்தக் கிராமமே இடம்பெயர்ந்திருந்தது.

தமிழ் வாசகர் இந்நாவலை எம். எம். உவைஸின் 'கிராமப் பிறழ்வு' என்ற மொழிபெயர்ப்பின் வாயிலாக அறிவர். தலைப்புப் பற்றி ஒன்று கூறவேண்டும். 'பெரலிய' என்பது புரளுதலைக் குறிக்கும் சொல். மண்ணைப் புரட்டும்போது மேலது கீழாகும், கீழது மேலாகும். அதில் எவர்க்கும் குற்றமில்லை. 'பிறழ்வு' என்னும் தமிழ்ச் சொல்லோ நெறியினின்றும் வழுவுதல் என்ற பொருட்சாயலையும் உடன் கொணர்கிறது. மொழிபெயர்ப்பாளர் அதனைக் கருதினாரோ இல்லையோ, நாவலின் உள்ளே நிகழும் ஒரு வாதத்தை அது வெளிப்படுத்திவிடுகின்றது. மகாகெதர எனப்படும் பெரிய வீட்டாரின் கண்ணுக்கு நிகழ்வதெல்லாம் பிறழ்வு. ஆசிரியரின் கண்ணுக்கு அது புரளல் மாத்திரமே.

கதையின் அடித்தளம் எளிமையானது. கயிசாறுவத்தை முகந்திரத்தின் இளைய மகள் நந்தாவுக்கு ஆங்கிலம் கற்பிக்கவரும் பியல் அவள்மேல் விருப்பங்கொள்கிறான். அவனது பாட்டன் மகாகெதரவுக்குக் காய்கறி கொண்டுவந்து விற்றவன் என்ற நினைவு அவ்வீட்டில் இன்னும் மறையவில்லை. சம்பந்தம் மறுக்கப்படுகின்றது. குலப்பெருமையுண்டு, பொருளில்லை என்ற நிலையிலுள்ள ஜினதாசவுக்கு நந்தா மணஞ்செய்து வைக்கப்படுகிறாள். பிறந்த குழந்தை இறக்கின்றது. பொருள்தேடித் தொலைவிடம் சென்ற ஜினதாச அங்கும் தோற்று, பின் செய்தியற்றுப் போகிறான். அவன் இறந்துவிட்டதாக நம்பப்படும் நிலையில், கொழும்பில் வணிகனாகச் செல்வமீட்டிய பியலை நந்தா மணக்கிறாள். ஆண்டுகள் சில சென்றபின்னரே ஜினதாசவின் உண்மையான மரணச் செய்தி வருகின்றது.

இச்சுருக்கத்தை மட்டும் நோக்குபவர், கொடுமைக்காரத் தாய் தந்தையரையும் காதலுக்காகக் கண்ணீர் வடிக்கும் மகளையும் எதிர்பார்ப்பர். நாவலில் அவர்கள் இல்லை. முகந்திரம் மென்மையானவர். மாத்தறை ஹாமினே மகளைத் தன் உயிராகக் கருதுபவள். நந்தாவை எவரும் அறையிற் பூட்டவில்லை, அடிக்கவில்லை, நஞ்சுண்டு சாவேன் என்று மிரட்டவுமில்லை. வெளிப்படையான கட்டளைகூட மிகக் குறைவு. ஆயினும், ஒரு சர்வாதிகாரி விதித்த ஆணை நிறைவேறுவதிலும் துல்லியமாகக் குடும்பத்தின் விருப்பம் நிறைவேறுகின்றது. இதுவே இந்நாவலின் மிக ஆழ்ந்த கண்டுபிடிப்பு எனலாம். நிலவுடைமைச் சமுதாயத்தின் சட்டம் பெரிய வீட்டின் வாயிலில் எழுதி வைக்கப்பட்டதன்று. அது தாயின் முகவாட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முகவாட்டத்தை வாசிக்கப் பிள்ளைகள் எழுத்தறியுமுன்பே கற்றுக்கொள்கின்றனர்.

நந்தாவின் இயல்பு இவ்விடத்தில் கூர்ந்து நோக்கத்தக்கது. பியல்மேல் அவளுக்குக் காதல் உண்டா என்று வினவினால் நாவல் நேரான விடை தருவதில்லை. அவள் அவனை விரும்புகிறாள். அந்த விருப்பத்தை எண்ணி நாணுகிறாள். அவனது குலத்தைத் தன் வீட்டார் இகழும்போது அந்த இகழ்ச்சியின் ஒரு பகுதி தன் உள்ளத்திலும் இருப்பதை உணர்கிறாள். தடை வெளியில் மட்டும் இருந்திருப்பின் அவள் அதனைத் தாண்டக்கூடும். தடை அவளது சுவையிலும், எது இழிவு எது உயர்வு என்று தீர்மானிக்கும் கூச்சத்திலும் கலந்துள்ளது. 'அடக்குமுறைக்குட்பட்ட பெண்' என்னும் தொடரை நந்தாவுக்குச் சூட்டுபவர் பாதி உண்மையையே கூறுகின்றனர். அடக்குபவளும் அவளுள்ளேதான் இருக்கிறாள்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை அறிந்த வாசகருக்கு இது சிங்களக் கிராமத்தின் விந்தையாகத் தோன்றாது. 'அவையள் ஆர்?' என்ற ஒரு வினாவோடு எத்தனையோ சம்பந்தங்கள் திண்ணையிலேயே முடிந்துபோயுள்ளன. வினாவுக்கு விடைகூட வேண்டப்படுவதில்லை. வினவிய குரலே போதுமானது.

பியலின் பாத்திரத்தைப் புதிய வர்க்கத்தின் வெற்றியென வாசிப்பது மரபாகிவிட்டது. இங்கு அந்தன் செகோவின் 'செரிப் பழத்தோட்டம்' நாடகத்தை ஒப்புநோக்குதல் பயனுடையது. ருஷ்ய இலக்கியத்தில் விக்கிரமசிங்க கொண்டிருந்த ஈடுபாடு அறியப்பட்டதே. 1904 இல் மேடையேறிய அந்நாடகத்தில், லொப்பாகின் என்னும் வணிகன் தன் தந்தையும் பாட்டனும் பண்ணையடிமைகளாக இருந்த அதே நிலத்தை ஏலத்தில் வாங்குகிறான். நிலம் அவன் கைக்கு வருகிறது. ஆனால் அவ்வீட்டு வளர்ப்புமகள் வார்யாவிடம் மணம்பேச அவனுக்கு இறுதிவரை நா எழுவதில்லை. பணத்தால் வாங்கத்தக்கதை வாங்கியவன், கேட்டால் மட்டுமே கிடைக்கத்தக்கதைக் கேட்காது புறப்பட்டுப் போகிறான். செகோவ் அம்மௌனத்தை விளக்குவதில்லை.

விக்கிரமசிங்க அதற்கு அடுத்த படியை எழுதியுள்ளார். லொப்பாகின் கேட்டிருந்தால், கிடைத்தும் இருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? பியல் அந்த மனிதன். மறுக்கப்பட்ட மணத்தை அவன் பெற்றுவிடுகிறான். பெற்றபின்னும் அவன் அமைதியடைவதில்லை. எந்தக் குலப்பெருமை தன்னை இகழ்ந்ததோ அதே பெருமையே நந்தாவை அவன் கண்ணில் விரும்பத்தக்கவளாக்கியது. மகாகெதரவின் மகள் என்ற தகுதியை அவளிடமிருந்து நீக்கிவிட்டால் அவன் வேட்கையில் எஞ்சுவது எவ்வளவு என்பதை நாவல் சொல்வதில்லை. ஆனால் வாசகன் வினவாமல் இருக்கவும் விடுவதில்லை. பழைய ஒழுங்கை வென்றவன் அந்த ஒழுங்கின் அளவுகோலையே தன் சட்டைப்பையில் கொண்டு திரிகிறான்.

நாவலின் உச்சம், நந்தா ஜினதாசவின் உடலை அடையாளங்காண நேரும் பகுதியாகும். பல விமர்சகர் இதனைக் கதைமுடிச்சு அவிழும் இடம் என்றளவில் குறிப்பிட்டு விரைந்து செல்கின்றனர். உண்மையில், வர்க்க விளக்கம் போதாமற்போகும் இடமும் இதுவே. ஜினதாச தோற்ற மனிதன். நந்தா அவனைத் தேர்ந்தவளல்லள்; அவனோடு வாழ்ந்த ஆண்டுகள் வறுமையும் குழந்தையின் சாவும் நிறைந்தவை. அவன் இறந்துவிட்டதாக எண்ணி மறுமணமும் செய்துகொண்டவள் அவள். பொருளியற் கணக்கின்படியோ காதற் கதைகளின் மரபின்படியோ அவளுக்கு இங்குத் துயரப்பட ஏதுமில்லை. ஆயினும் அவள் துயருறுகிறாள். அத்துயர் கடமைக்காக மேற்கொண்ட துயரன்று என்பதைப் பியல் உடனே உணர்ந்துகொள்கிறான். உயிரோடிருந்தபோது போட்டியாகக் கருதத் தகாத ஒருவன், பிணமானபின் அவனுக்குப் போட்டியாகின்றான்.

இப்பொறாமையைச் சிறுமையெனத் தள்ளிவிடலாகாது. நந்தாவின் கடந்த காலத்தில் தனக்கு இடமில்லாத ஓர் அறை இருப்பதைப் பியல் முதன்முறையாகக் காண்கிறான். ஒரே கூரையின்கீழ் ஒருவர் பசியை ஒருவர் கண்டவர்களிடையே உண்டாகும் பிணைப்பு, காதலென்று பெயர்பெறாவிட்டாலும் காதலுக்கு இளைத்ததன்று. குழந்தையைப் புதைத்த இருவருக்கு அந்தக் குழியே உறவு. நந்தா தான் விரும்பியவனை மணந்து, தன் விருப்பமின்றி மணந்தவனுக்காக அழுகிறாள். இம்முரண்பாட்டைத் தீர்த்துவைக்க ஆசிரியர் முயலவில்லை என்பதே அவரது நேர்மைக்குச் சான்று. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இந்நாவலை 1963 இல் திரைப்படமாக்கியபோது இந்த மௌனங்களைச் சிதைக்காது காத்தமை அவருடைய சாதனை. 1965 இல் புதுடில்லி விழாவில் அத்திரைப்படம் தங்க மயில் விருதைப் பெற்றது.

பின்வந்த இரு நாவல்களும் இவ்வுயரத்தை எட்டவில்லை என்றே கூறவேண்டும். 'கலியுகய'வில் நந்தா-பியல் தம்பதியரின் கொழும்பு வாழ்வும், வீட்டை விட்டுப் பிரிந்து இங்கிலாந்து சென்ற மகன் அலன் பெற்றோர் மீது சுமத்தும் குற்றச்சாட்டும் இடம்பெறுகின்றன. அலனின் குரலிற் கூர்மையுண்டு. தாயின் முகவாட்டத்தைக் கண்டு அஞ்சியவளின் மகன், தாயின் கவனத்தையே பெறாதவனாக வளர்ந்தான் என்பது வேதனையான உண்மை. ஆனால் 'யுகாந்தய'வில் முதலாளியான சவிமன் கபலானவும் இடதுசாரியான அவர் மகன் மாலினும் தந்தையும் மகனுமாகப் பேசுவதிலும் இரு கட்சிகளின் பேச்சாளர்களாகப் பேசுவதே மிகுதி. முற்போக்கான கருத்து அதிகமாக உள்ள நூல் என்பதால் 'யுகாந்தய'வைத் தொகுதியின் சிகரமெனப் போற்றுவோர் உளர். மாலினின் கருத்துகளோடு உடன்படுபவரும், அவன் உண்ணும்போதும் உறங்கும்போதும் எப்படியிருப்பான் என்று எண்ணிப்பார்க்க இயலாதிருப்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். மாத்தறை ஹாமினேயோ பிற்போக்கானவள். ஆனால் அவள் வெற்றிலைத் தட்டை நகர்த்தும் ஓசை கேட்கும்போலத் தோன்றுகிறது.

இன்னொரு பாத்திரம் எஞ்சியுள்ளது. நந்தாவின் தமக்கை அனுலா விமர்சனக் கட்டுரைகளில் ஒரு வரிக்குமேற் பெறுவதில்லை. குலப்பெருமையின் உறுதியான காவலாளி அவளே. அவளுக்கு ஒத்த தகுதியுள்ள மணமகன் வரவில்லை. தகுதி குறைந்தவன் வரக்கூடாது. தங்கைக்கு இரு மணங்கள் நிகழ்ந்து முடியும் காலத்தில் அனுலா அதே வீட்டில், அதே கதிரைகளுக்கிடையே முதிர்கிறாள். அவள் எவர் மீதும் குற்றஞ்சாட்டுவதில்லை. நந்தாவின் மனத்துள் பக்கம் பக்கமாகப் புகுந்து சென்ற ஆசிரியர், அனுலாவின் கதவருகே நின்றுவிடுகிறார்; அவளுக்கு நோயைத் தருகிறார், பேச்சைத் தரவில்லை. நந்தாவின் கதையில் மகாகெதர தோற்றது. அனுலாவின் கதையில் அது தோற்கவேயில்லை. இறுதிவரை அவளை மணந்தே இருந்தது.