ட்வீட்பாட்: மழைக்கணக்கு காட்டிய செயலி

நாலுமுக்கில் எத்தனை மில்லிமீட்டர், ஊத்தில் எத்தனை, காக்காச்சியில் எத்தனை? ஐப்பசி மழை பிடித்துவிட்டால் அம்பாசமுத்திரம் பக்கம் காலையில் இதுதான் பேச்சு. இந்த ஊர்கள் இருக்கும் மாஞ்சோலை மலையில் கொட்டுவதுதானே மணிமுத்தாறு அணைக்கு வந்து சேர்கிறது! எட்டரை மணி அளவு வெளியானதும் மழை ஆர்வலர்கள் ட்விட்டரில் போட்டுவிடுவார்கள். அதைப் படிக்க நான் வைத்திருந்தது ட்விட்டரின் சொந்தச் செயலி அல்ல. டாப்பாட்ஸ் என்ற சின்ன நிறுவனம் 2011-ல் கொண்டுவந்த ட்வீட்பாட்.

அது ஓடிய காலத்தில், ராத்திரி எந்தக் கீச்சில் நிறுத்தினோமோ, காலையில் அதே இடத்தில் நிற்கும். புதியவை மேலே வரிசையாகச் சேர்ந்திருக்கும். தள்ளத் தள்ள, பாக்கியைக் காட்டும் எண் குறைந்துகொண்டே வரும். பூஜ்யம் வந்தால் போனைக் கீழே வைத்துவிடலாம். விளம்பரம் கிடையாது. ரசிகர் சண்டை மூண்டால் அந்த ஹேஷ்டேகை ஒரு வாரத்துக்கு வாயடைக்கலாம். மலைக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி: மணிமுத்தாறு செக்போஸ்ட்டில் பஸ் நிற்கும்போது ஒரு தடவை புதுப்பித்துக்கொண்டால், மேலே சிக்னல் போனாலும் இறங்கியதையெல்லாம் படிக்கலாம். படம் வராது, மழையளவு வெறும் எழுத்துதானே.

குறை இல்லாமல் இல்லை. ஐபோன், ஐபேட், மேக் தவிர வேறெதிலும் ஓடவில்லை. 2018-ல் ட்விட்டர் வெளியார் செயலிகளுக்குச் சில கதவுகளை அடைத்த பிறகு அறிவிப்புகள் தாமதமாக வந்தன. 2021-ல் சந்தா ஆனது.

2023 ஜனவரி 12 அன்று, எலான் மஸ்க் கைக்குப் போன ட்விட்டர், முன்னறிவிப்பே இல்லாமல் இத்தகைய செயலிகளின் இணைப்பை அறுத்தது. விதியைத் திருத்தி எழுதியதுகூட ஒரு வாரம் கழித்துத்தான். இவற்றில் விளம்பரம் ஓடாது, கம்பெனிக்கு வருமானம் இல்லை என்ற கணக்கு புரிகிறது. சொல்லாமல் செய்தது புரியவில்லை. எங்கள் மாஞ்சோலையிலும் பாதியில் அறுபட்ட கதை ஒன்று உண்டு: அந்த எஸ்டேட்டுக்கு 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் தந்தது 99 வருடக் குத்தகை. குத்தகை 2028 வரை இருந்தும் 2024-லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று வேலையை நிறுத்தினார்கள். அந்த ஜனங்களின் பாட்டோடு ஒரு செயலியை ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் அடுத்தவர் நிலத்தில் பிழைப்பது எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்து ஆளுக்கு விளக்க வேண்டியதில்லை.

மிச்சமிருந்த சந்தாவுக்குப் பணத்தைத் திருப்பித் தரவேண்டிய நிலை டாப்பாட்ஸுக்கு. கடைசிப் பதிப்பில் 'எனக்குப் பணம் வேண்டாம்' என்று ஒரு பொத்தான் வைத்தார்கள். சந்தாவை அவர்களுடைய புதிய செயலியான ஐவரிக்கு மாற்றிக்கொள்ளவும் வழி இருந்தது. ஐவரி அச்சு அசல் ட்வீட்பாட்தான், ஆனால் மஸ்டடான் என்ற வேறொரு சமூக வலைத்தளத்துக்கானது. அங்கே ஊத்து மழையைச் சொல்ல ஆள் இல்லை.

கீச்சுகளின் நேர வரிசை என்பது சௌகரியம் மட்டுமல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது; தாமிரபரணியும் கரை புரண்டது. அப்படிப்பட்ட ராத்திரியில் ஆறு மணி நேரப் பழைய கீச்சு ஒன்று மேலே வந்து நின்றால், படிப்பவர் தண்ணீர் ஏறுகிறதா வடிகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வார்? இன்று எக்ஸ் எனப் பெயர் மாறிய ட்விட்டரின் சொந்தச் செயலியில் 'உங்களுக்காக' பகுதி அப்படித்தான் கலைத்துப் போடுகிறது. மழை சொல்பவர்களை மட்டும் ஒரு பட்டியலாக்கி முகப்பில் குத்திவையுங்கள்; அதில் ஓரளவு நேர வரிசை கிடைக்கும். விட்ட இடத்தை மட்டும் நீங்களே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.