யாருக்குத் தகுதி?

பொன்னைப் ‘பறி’ என்பர் பொற்கொல்லர். ஆடையைக் ‘காரை’ என்பர் யானைப்பாகர். ஒரு குழு தனக்குள் மட்டும் விளங்கப் பேசும் இத்தகு சொற்களைக் குழூஉக்குறி என்றழைத்து, தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக அமர்த்தினார் நன்னூலார். தகுதியா? யாருக்குத் தகுதி? ‘பறி’ என்று பணிமனையில் பேசும்போது, பொன் கொடுத்தவன் எதிரே விளங்காது விழிக்கிறானே! அவன் பக்கம் நின்று இலக்கணம் கேட்கவில்லை.

ஆங்கிலேயர் இதனை ‘ஜார்கன்’ என்பர். பழைய பிரெஞ்சு மொழியில் அது பறவைகளின் கீச்சொலி. நம் சொல் பேசுவோரின் கூட்டத்தைக் காட்டுகிறது. அவர்தம் சொல் கேட்போரின் திகைப்பைக் காட்டுகிறது. பின்னதே நேர்மையானது என்பேன். புலவர் சினப்பினும் சினக்கட்டும்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவர், ஜமாபந்தி நாளில் மனுவோடு நிற்கிறார். பசலி, சிட்டா, அடங்கல், புறம்போக்கு! பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்; என் வகுப்புச் சிறுவனுக்குக் கரும்பலகையில் இதனை விளக்க ஒரு நிமிடம் போதும். அவன் தந்தைக்கு விளக்க ஏன் ஒருவரும் இல்லை?

ஆட்சிமொழிச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. வேற்றுச் சொல்லை விரட்டினால் மட்டும் தீருமா? ‘புறம்போக்கு’ நல்ல தமிழ்தான். தன் குடிசை நிற்கும் மண்ணுக்கு அப்பெயர் எழுதப்பட்டிருப்பதன் பொருளை, இடிக்க ஆள் வந்த அன்றுதானா ஏழை அறிய வேண்டும்?