ஓரியின் ஓர் அம்பும் ஓவியரின் இருநூறு படங்களும்

கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் வில்லாற்றலைப் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர் சொல்கிறார். ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப்பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைக்கிறது. சொந்தமாக வீடியோ கேம் செய்ய ஆசைப்படும் தமிழ் இளைஞர் இதைப் படித்தால் கை பரபரக்கும். கோடிங்கில் இது ஒரு மாலை வேலைதான். ஒரு கோடு, அந்தக் கோடு எந்தெந்த உருவத்தில் படுகிறது என்ற கணக்கு, ஒவ்வொரு உடலைத் தாண்டும்போதும் அம்பின் வேகம் கொஞ்சம் குறைய வேண்டும் என்ற விதி. அவ்வளவே. ராத்திரிக்குள் ஐந்து கட்டங்களை ஓர் அம்பு துளைத்துக்கொண்டு போவதைத் திரையில் பார்த்துவிடலாம்.

அந்த ஐந்து கட்டங்களையும் விலங்குகளாக்கப் போகிறவரின் கணக்கு வேறு. ஒவ்வொரு விலங்கும் நிற்க வேண்டும், நடக்க வேண்டும், ஓட வேண்டும், அடிபட வேண்டும், விழ வேண்டும். அசைவுக்கு எட்டுப் படம் என்று கஞ்சத்தனமாக வைத்தாலும் ஒரு விலங்குக்கு 40 படம், ஐந்துக்கும் சேர்த்து 200. யானை எட்டே படத்தில் விழுந்தால் அது யானையாகவும் தெரியாது, விழுந்ததாகவும் தெரியாது. இதில் ஓரி இன்னும் வரவே இல்லை. மலையும் வரவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் நம் இளைஞர் ஆள் தேடப் புறப்படுகிறார். “கதை ரெடி, கோடிங் நான் பார்த்துக்கறேன், நல்லா வரையத் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். இப்ப சம்பளம் தர முடியாது, கேம் வித்தா பாதிக்குப் பாதி.” சிறு கேம் உலகத்தில் எந்த மொழியிலும் கேட்கக்கூடிய அழைப்பு இது. ஓவியர்கள் இதைக் கண்டதும் பல்லைக் கடிக்கிறார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த வழக்கத்தை மோசடி என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது.

முதலில் அதன் நல்ல பக்கம். வரையத் தெரிந்தவர்களுக்கு இந்தியாவில் பஞ்சமே இல்லை. பெங்களூரில் 1997இல் தொடங்கிய துருவா இண்டராக்டிவ் பல ஆண்டுகள் வெளிநாட்டுப் பெரிய கேம்களுக்குக் கார்களும் கட்டடங்களும் செய்து கொடுத்தது. 2019இல் அதைப் பெரிய கேம் நிறுவனமான ராக்ஸ்டாரே வாங்கிக்கொண்டது. அந்த வகை வேலையில் மாதச் சம்பளம் உண்டு. வரைந்த எதுவும் வரைந்தவருக்குச் சொந்தமில்லை. பல சமயம் ரகசிய ஒப்பந்தம் காரணமாக, தான் என்ன வரைந்தோம் என்று வெளியில் காட்டவும் முடியாது. “போர்ட்ஃபோலியோ அனுப்புங்க” என்று கேட்கும் நம் இளைஞர் இதை யோசிப்பதில்லை. திறமைசாலியின் சிறந்த வேலை பூட்டிய அறைக்குள் இருக்கும். வெளியே கிடப்பது ஓய்வு நேரக் கிறுக்கல்கள். அப்படிப்பட்ட ஒருவருக்கு ‘பாதி உனக்கு’ என்பது கூலியாளாக இருந்தவரை உரிமையாளராக்கும் வார்த்தை. உலகறிந்த சிறு கேம்கள் சில அப்படிப் பங்காளிகளின் கையில்தான் பிறந்தன. ‘ஹாலோ நைட்’ செய்த ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரியில் அரி கிப்சன் வரைபவர், வில்லியம் பெலன் வடிவமைப்பவர். 2013இல் ஒரு குறுகிய காலப் போட்டிக்குச் செய்த சின்ன விளையாட்டில் இருந்த பூச்சிதான் பிறகு பெரிய கேமின் நாயகனாயிற்று. முதலில் சிறிதாக ஒன்றைச் சேர்ந்து செய்து முடித்தார்கள். பெரியது அதற்குப் பிறகு வந்தது.

பாதிக்குப் பாதி என்ற அந்தச் சொல்லுக்குள் இருக்கும் கோளாறு உட்கார்ந்து கணக்குப் போட்டால்தான் தெரியும். கேமின் விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேம் விற்கும் ஸ்டீம் தளம் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 210, ஆளுக்கு 105. ஓவியர் எட்டு மாதம் வேலை செய்கிறார், மாதம் 30,000 ரூபாய்தான் அவர் உழைப்பின் மதிப்பு என்று குறைத்தே போட்டாலும் 2,40,000 ரூபாய். அது கைக்கு வர 2,286 பிரதிகள் விற்க வேண்டும். தள்ளுபடி, வரி, வாங்கிவிட்டுத் திருப்பித் தருபவர்கள் இவற்றையெல்லாம் நான் கணக்கில் சேர்க்கவில்லை. பெயர் தெரியாத இருவரின் முதல் கேமுக்கு இது சின்ன எண் இல்லை.

இதைவிட ஆழமான கோளாறு ஒன்று உண்டு, அதை யாரும் பேசுவதில்லை. கேம் நடுவழியில் நின்றுபோனால் என்ன ஆகும்? பெரும்பாலானவை நின்றுதான் போகின்றன. அம்பு துளைக்கும் கணக்கை எழுதியவர் அதே கணக்கை அடுத்த கேமில் ஈட்டிக்கோ துப்பாக்கிக்கோ பயன்படுத்திக்கொள்வார். காட்டுப்பன்றி விழும் எட்டுப் படத்தை வரைந்தவர் அதைக் கொண்டு என்ன செய்வார்? அதோடு, “உடும்பு வேண்டாம், மயில் வைக்கலாம்” என்று தோன்றினால் ஒருவருக்கு அது ஒரு வரி மாற்றம், மற்றவருக்கு ஒரு வாரம். காகிதத்தில் பங்கு சமமாக இருக்கலாம். நஷ்டம் சமமாக இல்லை.

அமெரிக்கர் ஜொனதன் ப்ளோவின் ‘பிரெய்ட்’, ஓவியரை முதலில் தேடும் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் அந்த விளையாட்டை அவர் தன் கோணல்மாணல் படங்களோடு முழுதாக விளையாடக்கூடியதாகச் செய்துவிட்டார். 2006இல் அந்த நிலையிலேயே அதற்கு வடிவமைப்பு விருது கிடைத்தது. அதன் பிறகுதான் இணையத்தில் காமிக்ஸ் வரைந்துகொண்டிருந்த டேவிட் ஹெல்மனைப் பணம் கொடுத்து அமர்த்தினார். 2008இல் கேம் வெளிவரும்வரை தன் கையிலிருந்து சுமார் 2 லட்சம் டாலர் போட்டிருந்தார். அந்தத் தொகை நமக்குக் கிடையாது என்று சொல்லலாம், சரி. அவர் செய்த மற்றொன்றுக்குக் காசே தேவையில்லை. ஓவியரைத் தேடும் முன் விளையாட்டைச் செய்து முடித்திருந்தார். ஹெல்மன் நம்பி வந்தது ஒரு யோசனையை அல்ல, ஓடிக்கொண்டிருந்த ஒரு பொருளை.

ஆனால் பிரெய்ட் வழியை அப்படியே கொல்லிமலைக்குக் கொண்டுவந்தால் உதைக்கும். எல்லாம் முடிந்தபின் மேல்பூச்சுக்கு ஓவியரைக் கூப்பிடும் முறை, ஊரும் வாழ்க்கையும் உள்ளே இருக்கும் கேமுக்குப் பொருந்தாது. தமிழர்களுக்கு நன்கு தெரிந்த உதாரணம் ‘வெண்பா’. 1980களின் கடைசியில் கனடாவுக்குக் குடியேறும் தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையல்தான் விளையாட்டு. டொரண்டோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. அபி வடிவமைத்தார், சாம் எல்கானா வரைந்தார். அடுத்த ஆண்டு பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது கிடைத்தது. அதில் முதல் சமையல் இட்லி. தட்டுகளை எப்படி மாற்றி அடுக்குவது என்பதே புதிர். குழி எங்கே, துளை எங்கே என்று படம் சரியாகக் காட்டாவிட்டால் புதிரே இல்லை. அங்கே வரைபவரும் வடிவமைப்பவரும் ஒரே வேலையின் இரண்டு கைகள். யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்து விலை போடுவதே கடினம். இப்படிப்பட்ட கேமுக்குப் பங்கு முறை நியாயமாகப் பொருந்துகிறது.

கொல்லிமலை கேம் இந்த இரண்டாம் வகையில்தான் சேரும். கூகுளில் கொல்லிமலைப் படங்களைத் தேடிப் பார்த்து வரையும் ஒரு கெட்டிக்கார ஓவியரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நேராக வளர்ந்த சில்வர் ஓக் மரங்கள், அவற்றில் ஏறிய மிளகுக் கொடி, அடியில் காப்பிச் செடி, ஓரத்தில் அன்னாசி. அழகாக வரும். ஆனால் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம், அன்னாசி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, காப்பியும் பிற்காலத்துப் பயிர். ஓரியின் காட்டில் மிளகு இருக்கலாம், பலா இருக்கலாம், மூங்கில் இருக்கலாம். சில்வர் ஓக், அன்னாசி, காப்பி மூன்றும் கூடாது. படத்தில் கைத்திறமைக் குறை எதுவும் இல்லை. ‘இந்த மரம் அப்போது இருந்ததா’ என்று கேட்கும் பழக்கம்தான் இல்லை. ஆள் தேடுபவர்கள் போர்ட்ஃபோலியோவில் பார்ப்பது கையை. அந்தக் கேள்வி கேட்கும் குணம் அதில் தெரியாது.

கொல்லிப்பாவை இன்னும் சிக்கல். சங்கப் பாட்டுகள் பேசும் அந்தப் பாவை தெய்வம் செய்த உருவம். சிரித்து மயக்கி அசுரரைக் கொன்றது என்பது வழிவழிக் கதை. சிரிப்பையே ஆயுதமாக வைத்திருக்கும் பாத்திரம் எந்த கேம்காரருக்கும் லாட்டரிதான். அந்தச் சிரிப்பை அசைத்துக் காட்ட எத்தனை ஓவியருக்கு வரும்? காலண்டர் அம்மனின் சிரிப்பு வேறு, இது வேறு. மேலும் இன்று மலைமேல் எட்டுக்கை அம்மனாக வழிபடப்படுவது இந்தப் பாவையே என்ற நம்பிக்கை இருக்கிறது. மலையாளி பழங்குடி மக்கள் வாழும் மலை அது. அவர்கள் கும்பிடும் தெய்வத்தை, விளையாடுபவர் அடித்து வீழ்த்தும் ‘பாஸ் ஃபைட்’ ஆக்கும் முன் அங்கே போய் நாலு பேரிடம் பேசியாக வேண்டும். இப்போது ஏஐ படம் போட்டுத் தருகிறதே என்பார்கள். அதுவும் சுற்றுலாப் படங்களைத் தின்று வளர்ந்ததுதான். சில்வர் ஓக்கை அதுவும் நடும். போதாக்குறைக்கு, 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்படுத்தியதை ஸ்டீமில் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும்.

இந்த மலை இருக்கும் நாமக்கல் பகுதி ஓவியர்களை அறியாத மண்ணும் அல்ல. நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை நல்ல ஓவியர். கோயில் சிற்பங்களை நேரில் பார்த்துப் பார்த்து ஆனந்த விகடனில் வரைந்த சில்பியும் நாமக்கல்காரர். எழுத்தும் ஓவியமும் சேர்ந்து உழைத்ததற்குத் தமிழில் எல்லோரும் காட்டும் உதாரணம், 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ தொடரில் கல்கியும் மணியமும். அதைச் சொல்லி உருகுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டணிக்குப் பின்னால் வாரம் தவறாமல் அச்சாகி விற்ற ஒரு பத்திரிகை இருந்தது. சில்பிக்குப் பின்னாலும் இருந்தது. நட்பு மட்டும் அவர்களை ஓட்டவில்லை. இன்றைய இரண்டு பேர் கேமுக்குப் பின்னால் எந்தப் பத்திரிகையும் இல்லை. அதனால் அந்த இருவரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகம்.

எழுதி வைப்பது என்றதும் நம் ஆட்களுக்கு முகம் மாறுகிறது. “நமக்குள்ள என்னங்க அக்ரிமெண்ட்?” 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. அதன் 17ஆம் பிரிவின்படி வரைந்தவரே முதல் உரிமையாளர். ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்கு விலை கொடுத்து வரையச் சொன்ன ஓவியமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை வரையச் சொன்னவருக்குப் போகும். ‘வித்தா பாதி’ என்ற வாய்ச்சொல் விலை கொடுத்ததாகுமா? வக்கீல்களுக்கு நல்ல தீனி. 19ஆம் பிரிவு இன்னும் கறார். உரிமையை மாற்றிக் கொடுப்பதானால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுதான். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். உலகம் முழுக்க ஸ்டீமில் விற்கும் கேமின் ஓவிய உரிமை, ஒரு வரி விடுபட்டதால் இந்திய எல்லையோடு நின்றுவிடலாம். இதில் முதலில் அடிபடுவது ஓவியர் இல்லை, கேமை விற்பவர்.

சரி, அந்த இருநூறு படங்களுக்கு வருவோம். ஓவியர் முதல் நாளே உட்கார்ந்திருந்தால் அந்த எண்ணிக்கையே வந்திருக்காது என்பது என் எண்ணம். தோல்பாவைக் கூத்தில் பாவையின் உறுப்புகள் தனித்தனியாக வெட்டி மூட்டில் இணைக்கப்படுகின்றன. ஒருமுறை செய்த கையை ஆட்டி ஆட்டியே கதை ஓடும். விலங்குக்குப் பன்னிரண்டு துண்டு வரைந்து, மூட்டில் திருப்பி அசைத்தால் ஐந்துக்கும் அறுபது துண்டு போதும். நிழலுருவமாகவே வைத்தால் தோல் நிறம், ரோமம் என்ற தொல்லையும் இல்லை. புனேயின் நாடிங் ஹெட்ஸ் நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘ராஜி’ தன் கதைப் பகுதிகளை நிழற்பாவை பாணியில்தான் சொன்னது. அங்கே ஓவியர் சுருதி கோஷ் நிறுவனர்களில் ஒருவர். பின்னால் கூலிக்கு வந்தவர் அல்ல. இப்படி ஒரு யோசனை ‘கதை ரெடி’ என்று சொல்லி ஆள் தேடுபவருக்குக் கடைசிவரை கிடைக்காது. அவர் தேடுவது தன் தலையில் முடிந்துபோன ஒன்றுக்கு வண்ணமடிக்க ஒரு கையை.

ஆகவே என் தீர்ப்பு இது. பங்கு முறையில் தவறில்லை, பங்கு மட்டும் என்பதுதான் தவறு. சின்னத் தொகையாவது முன்பணமாகப் போக வேண்டும். கேம் நின்றுபோனால் படங்கள் வரைந்தவருக்கே திரும்ப வேண்டும். விலங்கை மாற்றும் அதிகாரம் இருவருக்கும் இருக்க வேண்டும். முதல் வேலை ஐந்து விலங்காக இருக்கக்கூடாது: ஒரு மான், ஓர் அம்பு, இரண்டு வாரம், அதற்குப் பணம். அதில் ஒத்துப்போகாதவர்கள் எட்டு மாதத்தில் நிச்சயம் ஒத்துப்போக மாட்டார்கள்.

கொல்லிப்பாவையை வைத்து கேம் செய்ய நினைப்பவர் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேடு போகும் பஸ்ஸில் இருவருக்கு டிக்கெட் எடுங்கள். அந்தச் செலவு பட்ஜெட்டின் முதல் வரியில் இருக்கட்டும்.