யாருடைய குரல்? பார்க்கத்தக்க நான்கு விவரணப்படங்கள்

'டொக்கியுமென்றரி' என ஆங்கிலத்தில் வழங்கும் படவகைக்குத் தமிழில் இரண்டு பெயர்கள் உள. ஈழத்தில் நெடுங்காலமாக 'விவரணப்படம்' என்றே வழங்கினோம். தமிழகத்தார் 'ஆவணப்படம்' என்றனர். அவ்வழக்கே இப்போது இங்கும் பரவிவிட்டது. இரண்டும் ஒரு பொருள் குறித்த சொற்கள் எனக் கொள்வது பொருந்தாது. விவரணம் என்றால் விவரிப்பவர் ஒருவர் வேண்டும். ஆவணம் என்றால் சான்று பகர்வோர் வேண்டும். திரையிற் காணப்படுவோரைப் பற்றி வேறொருவர் பேசுகிறாரா, அன்றிக் காணப்படுவோரே பேசுகின்றனரா என்னும் வினா இவ்விரு பெயர்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. பாடும் மீனின் ஒலியைக் கேட்பதற்காகத் தோணியிற் சென்று, துடுப்பை நீருள் இறக்கி, அதன் மறுமுனையிற் காதை வைக்கும் வழக்கமுடைய வாவிக்கரையிலே வளர்ந்தோர் படத்தின் காட்சியைவிட ஒலியைக் கொண்டே அதனை எடைபோட விரும்பினால் அது விந்தையன்று. அவ்வளவுகோலைக் கொண்டு நோக்கும்போது, நம் மாணவர் கட்டாயம் பார்க்கவேண்டியவை என நான் கருதும் நான்கு படங்களைப் பற்றியதே இக்கட்டுரை.

முதலாவது, 'இலங்கையின் கீதம்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்'. இயக்கியவர் பஸில் றைட். தயாரித்தவர் ஜோன் கிரியர்சன். பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ஓடும் இப்படம் 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிலே பரிசு பெற்றது. உலக விவரணப்பட வரலாற்றை எழுதுவோர் எவரும் இதனைத் தவிர்த்துச் செல்வதில்லை. தேயிலை விற்பதற்கென எடுக்கப்பட்ட ஒரு விளம்பரம் இத்துணை உயர்ந்த கலைப்படைப்பாக மாறியது எவ்வாறு என்னும் வினாவுக்கு விடை தேடுவதற்காகவே இதனை ஒருமுறைக்கு இருமுறை பார்க்கலாம்.

படம் நான்கு பகுதிகளாலானது. முதற் பகுதியில் யாத்திரிகர் சிவனொளிபாதமலை ஏறுகின்றனர். மணியோசை எழ, பறவையொன்று பறக்க, மலையும் நீரும் புத்தரின் திருவுருவமும் ஒன்றன்மேலொன்றாக வந்து கலக்கின்றன. அக்காலத்து ஒலித்தொழில்நுட்பத்தை மனங்கொண்டு பார்ப்போர்க்கு அது வியப்பையே தரும். இரண்டாம் பகுதி கிராம வாழ்க்கையையும் கண்டிய நடனப் பயிற்சியையும் காட்டுகிறது. மூன்றாம் பகுதியே என் விசாரணைக்கு உரியது. அதன் பெயர் 'வாணிபத்தின் குரல்கள்'. காட்சியிலே யானை மரத்தைச் சாய்க்கிறது, பெண்கள் கொழுந்து பறிக்கின்றனர், தேங்காய்கள் குவிகின்றன. ஒலியிலோ கொழும்பினதும் இலண்டனினதும் அலுவலகங்கள் பேசுகின்றன. விலை கூறப்படுகிறது, வணிகக் கடிதம் வாசிக்கப்படுகிறது, கப்பல்களைப் பற்றிய செய்தி வருகிறது. காட்சிக்கும் ஒலிக்கும் ஒட்டுறவே இல்லை. உழைப்பவர் ஓரிடத்தில், அவ்வுழைப்பின் விலையைப் பேசுபவர் வேறோரிடத்தில் என்னும் குடியேற்றப் பொருளாதாரத்தின் உண்மையை, ஒரு சொல் விளக்கமுமின்றி அந்த ஒட்டின்மையே உணர்த்திவிடுகிறது. பணம் கொடுத்த சபையினர் இதனைப் புரிந்துகொண்டனரோ என்னவோ!

ஆயினும் படத்தின் எல்லையும் இங்கேதான் புலப்படுகிறது. ஏனைய இடங்களில் நாம் கேட்கும் விவரண உரை, 1660இல் கொட்டியாரக் குடாப் பகுதியிலே பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுக்கப்பட்டது. அதனை வாசிப்பவர் லயனல் வென்ட். இந்நாட்டின் தலைசிறந்த புகைப்படக் கலைஞராகவும் பியானோ வித்தகராகவும் விளங்கிய அவரது குரல் அமைதியும் கம்பீரமும் வாய்ந்தது. ஓர் இலங்கையரின் குரலை அன்றைய ஆங்கிலேயப் படமொன்று ஏற்றுக்கொண்டமையும் சிறிய காரியமன்று. ஆனால் வாசிக்கப்படும் சொற்கள் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேயருடையவை. அவர் கண்ட இலங்கையில் தேயிலைத் தோட்டமே கிடையாது. ஆகவே கொழுந்து பறிக்கும் பெண்ணைப் பற்றிச் சொல்ல அவ்வுரையிடம் எதுவுமில்லை. வணிகக் குரல்களுக்கும் நொக்ஸின் சொற்களுக்குமிடையே அப்பெண் வாய்திறவாமல் வந்து போகிறாள். அவளுடைய மொழி தமிழ் என்பதைப் படத்தைக் கொண்டு அறியவியலாது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவள் போன்றோரை நாடற்றவராக்கியது. படத்தை அதற்குப் பொறுப்பாக்குவது அபத்தம். எனினும், இந்நாட்டைப் பற்றிய மிக அழகிய திரைப்படத்தில் அழகாகவும் ஊமையாகவும் அம்மக்கள் நின்றிருந்தனர் என்பதை மறந்துவிட்டு அதனைப் பாராட்ட என்னால் இயலவில்லை. றைட்டின் கலைத்துவத்தைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதனைக் கூறவில்லை. பிழையான படங்களைவிட, இத்தகைய சிறந்த படங்களிலேயே மௌனம் எங்கே இருக்கிறது என்று தேடுவது பயன்தரும்.

அந்த மௌனத்துக்கு நேரெதிராக, உழைப்பவரே வாய்திறந்து பேசும் படமொன்றைக் காணவேண்டுமாயின் தஞ்சைக்குச் செல்லவேண்டும். பாரதி கிருஷ்ணகுமார் 2005இல் உருவாக்கிய 'இராமையாவின் குடிசை' கீழ்வெண்மணிப் படுகொலையைப் பற்றியது. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு, பெண்களும் குழந்தைகளும் முதியோருமாக 44 பேர் ஒரே குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். தாழ்த்தப்பட்ட சாதியினரான விவசாயக் கூலிகள் சங்கமாகச் சேர்ந்தமையும், கூலியாக இன்னும் சிறிதளவு நெல் கேட்டமையுமே அவர்கள் செய்த குற்றம். இப்படத்திலே பஸில் றைட்டின் காட்சியமைப்பை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். பெரும்பாலும் மனிதர் இருந்து பேசுகின்றனர், அவ்வளவுதான். ஆனால் அப்பேச்சு தஞ்சை வயற்புறத்தின் பேச்சு. விளக்கவுரையாளர் எவரும் அதனைச் செப்பனிட்டுத் தரவில்லை. உயிர்தப்பியோர் சில இடங்களில் தயங்குகின்றனர், சில இடங்களில் சொன்னதையே மீண்டும் சொல்கின்றனர். அத்தயக்கங்களை வெட்டியெறியாமல் விட்டமையை இயக்குநரின் நேர்மையாகவே கொள்கிறேன்.

கீழ்வெண்மணி வழக்கின் முடிவை இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலவுடைமையாளரைச் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. பெருஞ்செல்வரான நிலக்கிழார்கள் தாமே நேரில் நடந்து சென்று தீவைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று என்பது அத்தீர்ப்புக் காட்டிய காரணங்களுள் ஒன்று. அத்தீர்ப்பும் ஓர் ஆவணமே. முத்திரை குத்தப்பட்ட ஆவணம். அதற்கு எதிரே வைப்பதற்குக் குடிசை மக்களிடம் இருந்தது தம் வாய்மொழி மாத்திரமே. முப்பத்தேழு ஆண்டுகளின் பின் அவ்வாய்மொழியும் பாதுகாக்கத்தக்க பதிவாயிற்று என்பதே இப்படத்தின் சாதனை. தமிழகத்தில் 'ஆவணப்படம்' என்னும் சொல் வேரூன்றியதன் நியாயம் எனக்கு விளங்கியது இதனைப் பார்த்த பின்னரே.

இனி நம் நாட்டின் அண்மைக்காலத்துக்கு வருவோம். ஹெலன் குளோடவ்ஸ்கி இயக்கி, கனடாவின் தேசியத் திரைப்படச் சபை 2005இல் வெளியிட்ட 'நோ மோர் ரியர்ஸ் சிஸ்ரர்' யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் விரிவுரையாளர் ரஜனி திராணகமவின் வாழ்வைக் கூறுவது. 'முறிந்த பனை' என்னும் நூலின் ஆசிரியர்களுள் ஒருவரும், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பின் முன்னோடிகளுள் ஒருவருமான அவர், 1989 செப்டெம்பர் 21ஆம் நாள் யாழ்ப்பாணத்திலே சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. படத்தின் விவரண உரையை வாசிப்பவர் மைக்கல் ஒண்டாச்சி. வென்டைப் போலவே இவரும் கொழும்பின் உயர்குடிப் பறங்கியர் மரபிலே வந்த கலைஞர். இவரது குரலும் இனியது. எழுபது ஆண்டுகளின் பின்னரும் இலங்கையைப் பற்றிய ஒரு படத்துக்கு அதே வகையான குரலே தேவைப்பட்டது என்பது கவனிக்கற்பாலது.

ஆனால் அக்குரல் இங்கே தனித்து ஆட்சி செய்யவில்லை. ரஜனியின் கணவரும் மக்களும் பேசுகின்றனர். அவரது கடிதங்கள் பேசுகின்றன. எல்லாருக்கும் மேலாக, ஆயுதப் போராட்டத்தை ஒருகாலம் நம்பிப் பின் அதனை மறுத்த தமக்கை நிர்மலா பேசுகிறார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதான அவர், 1984இல் விடுதலைப் புலிகளால் மட்டக்களப்புச் சிறையிலிருந்து மீட்கப்பட்டவர். அச்சிறை இருப்பது நம் புளியந்தீவிலேயே. நாள்தோறும் அதன் மதிலைக் கடந்து செல்வோருள் எத்தனை பேர் இதனை அறிவர்? ரஜனியாக நடிப்பவர் அவரது மகளே. அவ்வாறு புனைந்தெடுத்த காட்சிகள் சிலவற்றின் மென்மையான ஒளியும் ஒழுங்கும் எனக்கு உவப்பாக இல்லை. கொலையுண்டவரின் வரலாற்றுக்கு அத்தகைய மெருகு வேண்டியதில்லை. இருப்பினும் தாயின் சொற்களை மகள் தன் வாயாற் சொல்லும்போது, அது நடிப்பா சாட்சியமா என்று பிரித்தறிய முடியாத நிலை உண்டாகிறது. அவ்விடங்களுக்காக ஏனையவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம்.

நான்காவதாக, ஜூட் ரட்ணத்தின் 'டீமன்ஸ் இன் பரடைஸ்'. 2017இல் கான் திரைப்பட விழாவிலே சிறப்புக் காட்சியாகத் திரையிடப்பட்ட இப்படத்தில் விவரிப்பவரும் சாட்சியும் ஒருவரே. 1983 ஜூலை வன்செயல்களின்போது சிறுவனாகக் கொழும்பை விட்டுப் புகையிரதத்தில் வடக்கே தப்பிச்சென்றவர் இயக்குநர். இன்று தம் மகன் பொது இடத்திலே தமிழிற் பேசும்போது தமக்குள் எழும் அச்சத்தைப் பற்றி அவர் கூறுகிறார். தமிழன் தன் குரலைத் தானே அடக்கிக்கொள்ளக் கற்றுக்கொண்ட வரலாற்றை இதனைவிடச் சுருங்கச் சொல்லுதல் அரிது. படம் அத்துடன் நின்றிருந்தால் நம்மவர் அனைவரும் கைதட்டியிருப்பர். அது மேலே சென்று, தமிழ் இயக்கங்கள் ஒன்றையொன்று அழித்த கதையை, 1986இல் ரெலோ உறுப்பினர் கொல்லப்பட்டதை, அக்காலத்து இயக்கத்தவர் வாயாலேயே சொல்ல வைக்கிறது. இதனாற் கண்டனங்கள் எழுந்தன. அரசின் வன்முறைக்கும் இயக்கங்களின் வன்முறைக்குமிடையே படம் காட்டும் விகிதம் சரியானதா என்று கேட்பது நியாயமான விமர்சனமே. நானும் அதனைக் கேட்கிறேன். ஆனால் இதனைப் பேசவே கூடாது என்பது விமர்சனமாகாது. தாம் செய்ததையும் செய்யத் தவறியதையும் அம்மனிதர் தீக்கருகில் அமர்ந்து பேசுவதைப் பார்க்காமலே படத்தை நிராகரிப்போர், கீழ்வெண்மணி மக்களைக் கேளாமலே தீர்ப்பெழுதுவோரை ஒப்பர்.

இந்நான்கிலும் நம் வாவிக்கரை இல்லை. 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் செய்திப்படங்களாகவே நமக்கு எஞ்சியுள்ளன. அவற்றை விட்டாலும் கூத்து இருக்கிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அறுபதுகளிற் பேராதனையிலே 'கர்ணன் போர்', 'இராவணேசன்' ஆகியவற்றை மேடையேற்றியபோது, நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருந்து பார்த்த வட்டக்களரி ஆட்டம் ஒருபுறம் நோக்கிய படச்சட்ட மேடைக்கு உரியதாக மாற்றப்பட்டது. மாற்றம் ஏன் என்பதற்கு அங்கே கலைக்காரணங்கள் இருந்தன, விவாதமும் நடந்தது. இன்று படக்கருவியுடன் களரிக்கு வருவோர் அதே மாற்றத்தைக் காரணமின்றியும் விவாதமின்றியும் செய்கின்றனர். ஓரிடத்திற் கருவியை நாட்டிவிட்டால் ஆட்டம் முழுவதும் அதனை நோக்கித் திரும்பிவிடுகிறது. கூத்தரின் முதுகைப் பார்த்தபடி விடியும்வரை இருந்த பாதிச் சபையோர் படத்தில் இல்லாமற் போகின்றனர்.

ஒலியின் கதி இதனினும் மோசம். நான் பார்த்த கூத்துப் பதிவுகள் சிலவற்றில், வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கவுரையாளர் சொல்லத் தொடங்கியதும் மத்தளத்தையும் சல்லரியையும் தாழ்த்திவிடுகின்றனர். அவ்வேறுபாடு எந்தத் தாளக்கட்டிலே கேட்கப்படவேண்டுமோ, அந்தத் தாளக்கட்டின்மேலேயே அதனைப் பற்றிய விளக்கம் ஏறி அமர்ந்துவிடுகிறது. அண்ணாவியார் சொற்கட்டுச் சொல்லும்போது அவர் வாய் அசைவது மட்டும் தெரிகிறது.