வெயிலில் கறுக்கும் கண்ணாடி, பனியில் எப்படி?

டொரண்டோவில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதே நேரத்தில் சென்னையில் 53 டிகிரி. உச்சி வெயிலைப் புருவமும் தொப்பியும் ஓரளவு தடுத்துவிடும். தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணுக்குள் இறங்கும். தரையில் பனி கிடந்தால் கீழிருந்தும் அடிக்கும். புல்லும் மண்ணும் புற ஊதாக் கதிரில் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே திருப்பி அனுப்பும். புதிதாகப் பெய்த பனி 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும்.

அதனால்தான் ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் மெல்லிய கீறல் மட்டும் விட்ட கண்மறைப்புகளைச் செய்து அணிந்தார்கள். பாதுகாப்பில்லாமல் பனிவெளியில் நெடுநேரம் நின்றால் கருவிழி வெந்துபோகும். சில மணி நேரம் கழித்துத்தான் அது தெரியும்: மண் விழுந்தாற்போல் உறுத்தல், ஓயாத கண்ணீர், வெளிச்சத்தைப் பார்க்க முடியாத வலி. பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். ஆனால் ஆண்டுக்கணக்கில் சேரும் புற ஊதாக் கதிர், கண்புரை வரும் வாய்ப்பைக் கூட்டும்.

பவர் கண்ணாடி போடுபவர்களுக்கு இங்கே ஒரு சிக்கல். கையுறையோடு வெளியே நின்று கண்ணாடி மாற்ற முடியாது. வெயிலில் தானே கறுத்து, உள்ளே வந்ததும் தானே தெளியும் போட்டோகுரோமிக் லென்ஸை இந்தக் குளிர்காலத்தில் பவரோடு போட்டுப் பார்த்தேன். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸையும் வைத்துக்கொண்டேன்.

எப்படி வேலை செய்கிறது?

1960-களில் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் இதைக் கண்ணாடி லென்ஸில் கொண்டுவந்தபோது வெள்ளி உப்புகள் அந்த வேலையைச் செய்தன. இன்றைய பிளாஸ்டிக் லென்ஸில் இருப்பவை கரிம மூலக்கூறுகள். புற ஊதாக் கதிர் பட்டதும் அவற்றுக்குள் ஒரு பிணைப்பு அறுந்து, மூலக்கூறு விரிந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சத் தொடங்கும். லென்ஸ் கறுக்கும். கதிர் நின்றதும் சுற்றியுள்ள வெப்பம் அவற்றைப் பழைய வடிவத்துக்குத் திருப்பிவிடும். லென்ஸ் தெளியும்.

கறுக்க வைப்பது கதிர், தெளிய வைப்பது வெப்பம். இந்த லென்ஸின் நிறை குறை எல்லாமே இதற்குள் அடங்கிவிடும்.

பனியில்

இங்கே முழு மதிப்பெண். மைனஸ் பத்து டிகிரியில் விரிந்த மூலக்கூறுகள் மூட நேரமெடுக்கும். ஆகவே எந்நேரமும் விரிந்தே இருப்பவை அதிகம். சென்னை மே மாத வெயிலில் இதே லென்ஸ் இவ்வளவு கறுக்காது. பனியிலோ அரை நிமிடத்துக்குள் நல்ல கறுப்பு, கண்ணைச் சுருக்காமல் நடக்கலாம். மேகமூட்டத்திலும் ஓரளவு கறுக்கிறது. புற ஊதாக் கதிர் மேகத்தைத் தாண்டி வருவதே காரணம்.

லென்ஸ் எவ்வளவு நுணுக்கமாகக் கதிரை உணர்கிறது என்பதைக் கம்பளித் தொப்பி காட்டிக்கொடுத்தது. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுச் சிறிது தூரம் நடந்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால், விளிம்பு மறைத்த மேல்பகுதி ஒரு பட்டையாக வெளுத்தே இருந்தது.

ஒரு குறை: பக்கவாட்டு வெளிச்சம். சாதாரண ஃபிரேமின் ஓரத்தில் பனி ஒளியும் குளிர்காற்றும் தாராளமாகப் புகுகின்றன. பனிச்சறுக்குக்கோ மலைக்கோ போகிறவர்களுக்கு முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸ்தான் சரி. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடுகிறது.

காரில்

இங்கே தோல்வி. காரின் முன்கண்ணாடி புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால் லென்ஸ் கறுக்க மறுக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேற்கே ஓட்டும்போது, எதிரில் சூரியன், கீழே ஈரமான சாலை. கண் கூசித்தான் போகிறது. காருக்குள்ளும் ஓரளவு கறுக்கும் ரகங்கள் உண்டு, ஆனால் அவை வீட்டுக்குள்ளும் லேசான நிறத்தோடு இருக்கும்.

சாலையின் பளபளப்பை வெட்டுவதில் போலரைஸ்டு கண்ணாடிக்கு ஈடில்லை. ஆனால் சாலையில் உறைந்த ஐஸ் திட்டைப் பல நேரம் அதன் மினுமினுப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். போலரைஸ்டு அதையும் மங்கவைக்கும். டேஷ்போர்டு திரையும் சில கோணங்களில் இருண்டு தெரியும். உறைபனி நாளில் போலரைஸ்டு கண்ணாடியை அணிந்தால் வேகத்தைக் குறைத்தே ஓட்டுங்கள்.

வாசலில்

குளிர் லென்ஸை எவ்வளவு கறுக்க வைக்கிறதோ, அவ்வளவு மெதுவாகத் தெளிய வைக்கிறது. கடைக்குள் நுழைந்ததும் சில நிமிடங்கள் இருட்டு. அதோடு குளிர்ந்த லென்ஸில் ஆவி படியும். படிக்கட்டும் நிலவறை வாகன நிறுத்தமும் உள்ள இடங்களில் இது ஆபத்து. முதியவர்கள் வாசலிலேயே கொஞ்சம் நின்று, பார்வை தெளிந்த பிறகு அடியெடுத்து வைக்க வேண்டும். சீக்கிரம் தெளியட்டும் என்று சுடுதண்ணீரில் காட்டாதீர்கள். மேல்பூச்சு வெடித்துவிடும்.

லென்ஸால் முடியாதது

குளிர்காலத்தில் கண் காய்வதை எந்தக் கறுப்புக் கண்ணாடியும் தடுக்காது. மைனஸ் பத்து டிகிரி காற்றில் ஒரு கனமீட்டருக்கு 2 கிராம் அளவே நீராவி இருக்கும். அதை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அந்தக் காற்று கண்ணீரை உறிஞ்சிவிடும். அறையில் 30 முதல் 50 சதவீத ஈரப்பதம் இருக்கட்டும். கார் ஹீட்டர் காற்றைக் காலுக்குத் திருப்புங்கள். திரை பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும், நினைவாக இமையுங்கள். ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் சொட்டு மருந்து தேவைப்பட்டால், பிரிசர்வேட்டிவ் இல்லாததை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

தீர்ப்பு

பவர் கண்ணாடி போட்டு, பனியில் நிறைய நடப்பவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ் நல்ல முதலீடு. தரமான லென்ஸ், தெளிந்திருக்கும்போதும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பது பெரிய அனுகூலம். பெரும்பகுதி நேரம் காரிலேயே இருப்பவர்கள் அந்தப் பணத்தில் பவரோடு ஒரு போலரைஸ்டு கண்ணாடி செய்துகொள்ளலாம்.

எதை வாங்கினாலும் யூவி 400 என்ற குறிப்பைக் கடையில் கேட்டு உறுதிசெய்யுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்காத வெறும் கறுப்புக் கண்ணாடி, கண் பாப்பாவை விரியவைத்துக் கூடுதல் கதிரை உள்ளே விடும். டிசம்பரில் டொரண்டோவின் புற ஊதாக் குறியீடு 1 அளவிலேயே இருக்கும். மார்ச்சில் அது 3-ஐத் தொடும்போதும் தரையில் பனி கிடக்கலாம். குளிர் குறைந்துவிட்டது என்று அப்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிடாதீர்கள்.